மண் குதிரை

“மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே” என்பது நம்மவர் எல்லோரும் அறிந்த பழமொழி. இதனை நான் முதன்முதலாகக் கேட்டது எங்கள் அப்பத்தாவின் வாயிலிருந்து. கேட்ட அன்றே முதுகில் இரண்டு அடியும் கிடைத்தபடியால் இன்றுவரை மறக்கவில்லை.

புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில், அய்யனார் கோவில். கோவிலின் முன்னே இரு மருங்கிலும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். வேளார்கள் வனைந்து சுட்டுக் கொடுக்க, நேர்ந்துகொண்டவர்கள் சுமந்து வந்து நிறுத்தியவை அவை. சிலவற்றுக்குக் காது இராது. சிலவற்றுக்கு வால் இராது. எங்கள் மாவட்டத்துக் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் முன்பு, 30 அடிக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறதே ஒரு குதிரை, அதற்கு இவை பேரன் பேத்திகள் என்று சொல்லலாம்.

எட்டு வயதில் ஒரு நாள் பிற்பகல், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, அவற்றுள் ஒன்றின் முதுகில் ஏறி அமர்ந்துவிட்டேன். அப்பத்தா கண்டுவிட்டாள். “பொம்பளைப் பிள்ளை குதிரை ஏறலாமாடி? அது சாமி ஏறுற குதிரை” என்று இழுத்து இறக்கினாள். முந்திய வாரம் அதே குதிரையின் மீது என் அண்ணன் அமர்ந்திருந்தபோது பார்த்துச் சிரித்தவளும் அவளேதான்! வீடு வரும் வழியெல்லாம் அறிவுரை. அதன் முடிவுரையாக வந்ததுதான் மேற்சொன்ன பழமொழி.

அப்பத்தா இன்று இல்லை. அவள் பேத்தியாகிய நான் புனேயில் முதுகலை அறிவியல் பயில்கிறேன், வயது 23. இன்னும் ஒன்பது நாளில், உயிருள்ள ஒரு குதிரையின் மீதமர்ந்து, நீருக்குள் இறங்கப் போகிறேன். அதற்கு மதிப்பெண் வேறு போடப் போகிறார்கள். இக்கதையைத்தான் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

*

“குதிரைக்கும் உனக்கும் என்ன உறவு? பணம் படைத்தவர் விளையாட்டாயிற்றே!” என்று விடுதியில் கேட்காதவர் இல்லை. உறவு உண்டு, அஃது இரத்த உறவு.

எனக்கு ஒன்பது வயதானபோது வயல் வரப்பில் என் தந்தையைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கால் வீங்கிக் கருத்துவிட்டது. நரம்பில் மருந்தை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அப்பா கண் விழித்துக் கஞ்சி கேட்டார். பிழைத்தது அய்யனார் அருள் என்று ஊரார் சொன்னார்கள். கல்லூரிக்கு வந்து நோய்த் தடுப்பியல் படித்த பிறகே அம்மருந்தின் வரலாறு எனக்கு விளங்கிற்று. பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்துகிறார்கள். குதிரையின் இரத்தம் அந்நஞ்சை எதிர்க்கும் பொருளை ஆக்குகிறது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்து மனிதனுக்கு ஏற்றுகிறார்கள். நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துத் தருகிறார்கள். அந்நஞ்சு குதிரைகளிடம் போய் மருந்தாகி மீள்கிறது. அய்யனார் அருளோ என்னவோ, அய்யனாரின் குதிரை அருளியது என்பதில் ஐயமில்லை!

புனேக்கும் இக்கதையில் பங்குண்டு. இவ்வூர்ப் பூனாவாலா குடும்பத்தார் பந்தயக் குதிரைகளை வளர்த்தவர்கள். ஓய்வு பெற்ற குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குச் சீரம் எடுப்பதற்காகக் கொடுத்து வந்தார்கள். அம்மருந்தை நாமே செய்தாலென்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே 1966-இல் தொடங்கிய சீரம் நிறுவனம். எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியிலும் ‘குதிரைச் சீரம்’ என்று எழுதிய குப்பி ஒன்று உண்டு. உயிரணுக்களை வளர்க்க அதைச் சேர்ப்போம். முதலாண்டில் ஒருநாள் அக்குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது திடீரென்று ஒரு வெட்கம் வந்தது. இத்தனை கடன் பட்டிருக்கிறோம். ஆனால் உயிருள்ள ஒரு குதிரையை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருந்த ஒரு குதிரைப் பயிற்சிக் கூடத்தைத் தேடிப் போனேன். கட்டணம் கேட்டேன், தலை சுற்றியது. திரும்ப மனமின்றி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அங்குப் பயிற்சி தரும் முதியவர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஜெய்ப்பூரில் உள்ள 61-ஆம் குதிரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்பார்கள். “சாணி அள்ளுவாயா?” என்று கேட்டார். “எங்கள் வீட்டில் நான்கு மாடுகள் ஐயா” என்றேன். அன்று முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லாயத்தைக் கூட்டுவது, தண்ணீர் காட்டுவது, சிறுவர்களைக் குதிரை மேல் வைத்து நடத்துவது என் வேலை. கூலி, நாளுக்கு ஒரு மணி நேரச் சவாரி. ஈராண்டாக இவ்வொப்பந்தம் இருபுறமும் வழுவாமல் நடந்து வருகிறது.

*

என் குதிரையின் பெயர் ராணி. ‘என் குதிரை’ என்பது அன்பினால் சொல்வது, பத்திரம் கூடத்தாருடையது. செந்நிறப் பெட்டை, நெற்றியில் திருநீறு இட்டாற்போல் ஒரு வெண்கீற்று. ஏறத்தாழ 450 கிலோ எடை. புனேயில் மழைக்காலந்தோறும் நடக்கும் பந்தயங்களில் இளவயதில் ஓடியவள். வெற்றி பெற்றதாக வரலாறு இல்லை. ஐந்து வயதில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்பொழுது வயது பதினொன்று.

உணவு தவிடு, ஓட்ஸ், ஊறவைத்த கொள்ளு. அவற்றோடு குதிரைமசால் என்னும் பசும்புல். இதனை இவ்வூரார் ‘லசூண் காஸ்’, அதாவது பூண்டுப் புல், என்கிறார்கள். குதிரையின் பெயரை நாம் வைத்தோம்; பூண்டின் பெயரை அவர்கள் வைத்தார்கள். தின்கிற ராணிக்கு இரண்டும் ஒன்றே!

நாங்கள் இறங்கப் போகும் போட்டிக்கு ‘ஈவென்டிங்’ என்று பெயர். மூன்று தேர்வுகள் சேர்ந்த ஒரு போட்டி இது. முதலாவது ‘டிரஸ்ஸாஜ்’. 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள திடலில், ஓரமெங்கும் நட்ட எழுத்துப் பலகைகளுக்கிடையே, சொன்ன இடத்தில் நடந்து, சொன்ன இடத்தில் துள்ளு நடை போட்டு, சொன்ன இடத்தில் வட்டமிட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார். இரண்டாவது ‘கிராஸ் கன்ட்ரி’. மேடு பள்ளம் நிறைந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை ஆகிய தடைகளைத் தாண்டி விரைந்து வரவேண்டும். குதிரை ஒரு தடையில் மறுத்து நின்றால் 20 குற்றப்புள்ளி. சவாரி செய்பவர் விழுந்தால் போட்டியே முடிந்தது. மூன்றாவது ‘ஷோ ஜம்பிங்’. கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். ஒரு கம்பு விழுந்தால் 4 புள்ளி. இறுதியில் யாருக்குக் குற்றப்புள்ளி குறைவோ அவரே வென்றவர். குறைந்த மதிப்பெண் வாங்கினால் பரிசு என்பதைக் கேட்டதும், “இது நமக்கேற்ற தேர்வாக இருக்கிறதே!” என்றாள் என் அறைத்தோழி.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் படைவீடு. அணிவகுப்பில் அடக்கம், போர்க்களத்தில் துணிவு, மறுநாளும் உழைக்கும் உடல்வலிமை ஆகிய மூன்றும் ஒரு படைக்குதிரைக்கு உண்டா என்று சோதிக்க ஏற்பட்டது இது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முறை நடந்தபோது படை அதிகாரிகளே கலந்துகொண்டார்கள். அக்காலத்து ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் அதிகாரி அல்லாத சிப்பாய்க்குக்கூட இடமில்லை. 1948-இல் லண்டனில் டிரஸ்ஸாஜ் போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியின் பதக்கத்தை மறு ஆண்டு பறித்துவிட்டார்கள். அணியில் இருந்த பெர்சன் என்பவர் உண்மையில் சார்ஜன்ட், அதிகாரி அல்லர் என்பதே குற்றம்! குதிரை நன்றாக ஆடியதா என்பது பேச்சில்லை. ஏறியவர் தோளில் என்ன பட்டை என்பதே பேச்சு.

பெண்களுக்கு ஈவென்டிங்கில் கதவு திறந்தது 1964-இல், டோக்கியோவில். அமெரிக்காவின் லானா டூ பாண்ட் என்ற பெண்மணி முதன்முதலாக இறங்கினார். கிராஸ் கன்ட்ரியில் இரண்டு முறை விழுந்தார்; இரண்டு முறையும் எழுந்து ஏறி, முடித்துக் காட்டினார். அவருடைய அணிக்கு வெள்ளி கிடைத்தது. அதே டோக்கியோவில், 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில், ஜெர்மனியின் ஜூலியா கிராயெவ்ஸ்கி தனிநபர் ஈவென்டிங்கில் தங்கம் வென்ற முதற் பெண்மணி ஆனார். ஒரே நகரம், இடையே 57 ஆண்டுகள்.

நம் நாட்டுக் கதையும் சுவையானதே. 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் தங்கத்தை வென்ற ரகுபீர் சிங், அதே 61-ஆம் குதிரைப்படையின் டபேதார். குதிரையின் பெயர் ஷாஜாதா. உஸ்தாத் இக்கதையைச் சொல்லாத வாரமே இல்லை. அதற்குப் பின் 36 ஆண்டுகள் ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் நமக்குத் தனிநபர் பதக்கம் இல்லை. 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூரு இளைஞர் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்றார். ஒலிம்பிக்கில் 2000-இல் சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் பெற்ற இடம் 23; டோக்கியோவில் ஃபவாத் பெற்ற இடமும் 23. என் வயதும் 23 என்று உஸ்தாதிடம் சொன்னேன். “உன் போட்டியில் மொத்தம் பதினெட்டுப் பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அந்த இடம் உனக்குக் கிடைக்காது” என்றார்.

படிப்படியாகத்தான் எல்லாம் திறந்திருக்கிறது: முதலில் அதிகாரி, பிறகு சிப்பாய், பிறகு பெண். ஒவ்வொரு கதவையும் பூட்டி வைத்தவர்கள் மனிதர்களே. இன்றும் வடநாட்டுச் சிற்றூர்களில், தாழ்த்தப்பட்ட குலத்து மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது என்று மறிக்கிறார்கள் என்ற செய்தி வருகிறதே! குதிரை யாரையும் அப்படிக் கேட்டதில்லை. சிவகங்கை வேலுநாச்சியாரை அது சுமந்தது. இங்கே ஜங்கிலி மகாராஜ் சாலையில் சிலையாக நிற்கும் ஜான்சி ராணியையும் சுமந்தது. குதிரை கேட்கும் கேள்வி வேறு. அது என்ன என்று அறிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமும் ஒரு தோள்பட்டை வீக்கமும் தேவைப்பட்டன.

*

மூன்று மாதத்திற்கு முன்பு பயிற்சி தொடங்கிற்று. காலை நாலரைக்கு எழுந்து, இருளில் மிதிவண்டி மிதித்து, லாயம் போய்ச் சேருவேன். வார நாட்களிலும் விடியற்காலைச் சவாரிக்கு உஸ்தாத் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாகக் கூடத்தின் கணக்கு நோட்டையும் நானே எழுதுகிறேன்.

டிரஸ்ஸாஜ் எனக்கு எளிதாக வந்தது. திடலின் எழுத்துகள் ஏ, கே, இ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று வரிசையின்றி இருக்கும். அவற்றைப் பெருக்கல் வாய்பாடு போல் நெட்டுருப் போட்டேன். விடுதி வராந்தாவில் இல்லாத குதிரையைப் பிடித்துக்கொண்டு துள்ளு நடை பழகிய என்னைக் கண்டு, ஒரு தோழி மருத்துவரைக் கூப்பிடலாமா என்று அன்போடு விசாரித்தாள். தாண்டுதலும் தேறிவந்தது. எங்கள் வகுப்பில் தடையின் உயரம் 80 சென்டிமீட்டருக்கு மேற்படாது. ராணிக்கு அது வாசற்படி.

வந்தது இடையூறு நீரில். பயிற்சி வெளியின் கோடியில் ஒரு சிறு குளம் வெட்டியிருக்கிறார்கள். ஆழம் முழங்காலுக்கும் கீழே. சரிவில் இறங்கி, நீரைக் கடந்து, எதிர்க்கரையில் ஏறவேண்டும். அவ்வளவே. ஆனால் நீரைக் கண்டதும் ராணி நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிடுவாள். பாண்டியன் லாயத்தில் பரிகள் நள்ளிரவில் நரிகளானதாகத் திருவிளையாடல் சொல்லும். எங்கள் ராணி பட்டப்பகலில் கழுதையானாள்!

ஒரு நாள் அவள் நின்றாள், நான் நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலாகப் பறந்து நீருக்குள் விழுந்தேன். இடத்தோள் கரைக்கல்லில் பட்டது. எழுந்து பார்த்தால், அவள் குனிந்து, நான் விழுந்து கலக்கிய அதே நீரை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம் என்பார்கள். அதன் பொருளை அன்று அறிந்தேன்.

நானோ அறிவியல் மாணவி. காரணம் காணாமல் விடுவேனா? ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: நாள், நேரம், வெயில், காற்று, நீரின் ஆழம், முன்னே வேறு குதிரை போனதா, எந்தப் பக்கமிருந்து வந்தோம். இருபது முயற்சிகளில் பதின்மூன்று முறை மறுத்திருந்தாள். குதிரையின் பார்வை பற்றியும் தேடிப் படித்தேன். கண்கள் தலையின் இரு பக்கத்தில் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அது சுற்றிலும் காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னேயும் மூக்கின் கீழேயும் சிறு பகுதி தெரியாது. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு வேறாகத் தெரியாது. பிரிட்டனில் பந்தயத் தடைகளில் இருந்த ஆரஞ்சு நிறத்தை 2022-இல் வெள்ளையாக மாற்றத் தொடங்கியது இதனாலேதான். நீரின் முகத்தில் வானம் பளபளக்கும்போது அடியில் ஒரு முழமா, ஓர் ஆள் ஆழமா என்று குதிரை எப்படி அறியும்? ஆகவே கண்ணே காரணம் என்று முடிவு கட்டி, கட்டத்தோடு உஸ்தாதிடம் போனேன்.

அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. லாயத்தில் குதிரைக்காரரின் மகன் ஒருவன் உண்டு, பதினொரு வயது. அவனைக் கூப்பிட்டார். பையன் சேணம்கூட இல்லாமல் ராணியின் மேல் ஏறி, கையில் இருந்த பாவ் ரொட்டியைத் தின்றுகொண்டே, ஏதோ மராத்திப் பாட்டைப் பாடிக்கொண்டே குளத்தை நோக்கிப் போனான். ராணி சளக் சளக்கென்று நீரில் இறங்கினாள், கடந்தாள், கரையேறினாள். பாட்டும் நிற்கவில்லை, ரொட்டியும் விழவில்லை.

“உன் கட்டத்தில் ஒரு பத்தி குறைகிறது மகளே. சவாரி செய்தது யார் என்று ஒரு பத்தி போடு” என்றார் உஸ்தாத்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை கேட்ட பாடம் இது: அளப்பவன் கையில் பிழை இருந்தால் அளவையெல்லாம் பிழை. ஜெர்மனியில் ‘கெட்டிக்கார ஹான்ஸ்’ என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஃபுங்ஸ்ட் என்ற அறிஞர் ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். குதிரை கணக்குப் போடவில்லை. சரியான விடை நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் முகத்திலும் அவர் அறியாமலே தோன்றும் நுண்ணிய அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்தியது. 2009-இல் ஸ்வீடனில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. குதிரையோடு ஒரே பாதையில் பலமுறை போகச் சொல்லிவிட்டு, “கடைசி முறை போகும்போது குதிரையின் முன்னே குடையை விரிப்போம்” என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் எதிர்பார்த்த மனிதரின் நெஞ்சு வேகமாக அடித்தது. ஒன்றும் அறியாத குதிரையின் நெஞ்சும் கூடவே வேகமாக அடித்தது.

மறுநாள் என் கைக்கடிகாரம் காட்டிய நாடித்துடிப்பைப் பார்த்தேன். குளம் கண்ணில் பட்ட கணமே என் நாடி ஏறியிருந்தது. ராணி நின்றது அதற்குப் பின்னர். ‘இவள் நிற்கப் போகிறாள்’ என்று நான் அஞ்சினேன். என் தொடை இறுகிற்று, கை கடிவாளத்தைப் பற்றிற்று, கண் நீரைப் பார்த்தது. ‘என் மேல் இருப்பவளே நடுங்குகிறாள், அங்கே ஏதோ இருக்கிறது’ என்று அவள் நின்றாள். நியாயந்தானே!

பழமொழியை நான் இத்தனை நாளும் ஒரு பக்கத்திலிருந்தே படித்திருக்கிறேன். குதிரையை நம்பி மனிதன் இறங்கலாமா என்று கேட்கிறது அது. நீரின் விளிம்பில் நின்று ராணி கேட்டதோ வேறு: “இந்த மண் மனுஷியை நம்பி நான் ஆற்றில் இறங்கலாமா?” (அது குதிரையன்று, ஆற்றில் மணல் சேர்ந்த ‘குதிர்’ என்று நம் சங்கத்து இலக்கிய அன்பர் ஒருவர் விளக்கம் சொன்னார். இருக்கலாம். என் கதைக்குக் குதிரையே வேண்டும், பொறுத்தருள்க.)

*

தோளில் அடிபட்டதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்திருந்தேன். அன்று மாலை அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குதிரை ஏறுவதைக்கூட அதுவரை அவருக்குச் சரிவரச் சொன்னதில்லை. சற்று நேரம் பேச்சே இல்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“ஏத்தா, எனக்குப் பாம்பு கடிச்சப்ப ஏத்துன மருந்து குதிரை ரத்தத்துல செஞ்சதுன்னு நீதான சொன்ன?”

“ஆமாப்பா.”

“அந்தக் குதிரைக்கு நான் யாருன்னு தெரியாது. எனக்கு அதத் தெரியாது. அப்பவே அது குடுத்துச்சு. நீயும் இந்தக் குதிரையும் ரெண்டு வருசமாப் பழகுன ஆளுக. அப்புறம் என்ன பயம்? அம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

அப்பா ‘குடுத்துச்சு’ என்றார். மாணவியாகிய நான் அறிவேன். குதிரை கொடுக்கவில்லை, நாம் எடுத்தோம். அதனை யாரும் கேட்கவில்லை. ராணியையும் யாரும் கேட்கவில்லை. பந்தயத்தில் ஓடுகிறாயா என்றும் கேட்கவில்லை, போட்டிக்கு வருகிறாயா என்றும் கேட்கவில்லை. பேச்சில்லாத அவ்வுயிருக்கு உள்ள ஒரே சொல், நிற்பது. அந்தச் சொல்லைத்தான் நான் பிடிவாதம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மாலை, எல்லோரும் போன பின்பு, ராணியைச் சேணமின்றிக் குளத்துக்கு அழைத்துப் போனேன். காலணியைக் கழற்றிவிட்டு நானே முதலில் நீரில் இறங்கினேன். மார்கழிக் குளிர், கால் விறைத்தது. கயிற்றை இழுக்காமல் நின்றேன். கால் மணி நேரம் கரையிலேயே நின்று மூச்சை மூச்சை விட்டாள். பிறகு மூக்கை நீட்டி நீரை முகர்ந்தாள். ஒரு கால் வைத்தாள், எடுத்தாள், மீண்டும் வைத்தாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் நீரிலேயே நின்றுகொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து, நீரில் இருந்த வானம் சிவந்து கறுத்தது. யாதொரு பயிற்சியும் செய்யவில்லை. கட்டத்தில் எழுதவும் ஒன்றுமில்லை.

மூன்று மாலை இப்படிக் கழிந்தன. நான்காம் நாள் காலை சேணம் பூட்டி ஏறினேன். “நீரைப் பார்க்காதே, எதிர்க்கரை மரத்தைப் பார். மூச்சை விடு. பாட்டுத் தெரிந்தால் பாடு” என்றார் உஸ்தாத். என் குரலைச் சங்கத்து ஆண்டு விழாவில் கேட்டவர்கள் நான் பாடுவதை ஊக்குவிக்க மாட்டார்கள். ஆயினும் பாடினேன், சிறு வயதில் அப்பத்தா பாடிய தாலாட்டு. சரிவு வந்தது. ராணியின் காதுகள் முன்னே குவிந்தன. நடை ஒரு கணம் தயங்கிற்று. நான் கடிவாளத்தை இறுக்கவில்லை. காலால் மெல்ல அணைத்துக் கொடுத்தேன். மறுகணம் முகத்தில் நீர் தெறித்தது. எதிர்க்கரையில் ஏறிய பிறகுதான், என் கண்ணில் இருந்தது குளத்து நீர் மட்டும் அன்று என்று தெரிந்தது.

அதன் பிறகு பத்து முறை முயன்றோம். எட்டு முறை இறங்கினாள். இரண்டு முறை நின்றாள். நின்ற இரண்டு முறையும் என் நெஞ்சைத்தான் முதலில் சோதித்தேன். ஒரு முறை பிழை என்னுடையது. மற்றொரு முறை குளத்தில் உண்மையாகவே ஒரு நீர்ப்பாம்பு நெளிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருந்தாள்.

*

இவ்விதழ் அன்பர்களின் கைக்கு வரும்போது போட்டி முடிந்து முடிவும் தெரிந்திருக்கும். பரிசு வரும் என்று யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். மற்றவர்களுடைய குதிரைகள் இளையவை. வாங்கிய விலையும் பெரியது. குளத்தருகே ராணி நின்றாலும் நிற்பாள். நின்றால் 20 புள்ளி எங்கள் கணக்கில் ஏறும். நான் அவளோடு சண்டையிட மாட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை என்று எண்ணிக்கொண்டு, மறுபடியும் சுற்றி வந்து கேட்பேன்.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, பழக்கமில்லாத மொழியிலும் ஊரிலும் காலூன்ற முயல்பவர்கள் நாம். நம்மை நம்பி ஒருவர் இறங்கலாமா என்ற கேள்வி நமக்கும் புதியதன்று. வீட்டுச் சொந்தக்காரர் கேட்கிறார், ஆய்வுக்கூடத்தில் கேட்கிறார்கள், ஊரில் நிலத்தை அடகு வைத்துப் பணம் அனுப்பும் தந்தையும் வாய் திறவாமல் கேட்கிறார். உரத்த குரலில் விடை சொல்லிப் பயனில்லை என்பதைக் குதிரை எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. முதலில் நாம் நீரில் இறங்கி நிற்க வேண்டும். குளிர்ந்தாலும் சற்று நேரம் நிற்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அய்யனார் கோவில் வரிசையில் அந்தப் பழைய மண் குதிரை இன்னும் இருந்தால் அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். இப்போது மணி பத்து. காலை நாலரைக்கு எழ வேண்டும். நாளைக்கு லாடம் மாற்றும் நாள். பக்கத்தில் நான் நிற்காவிட்டால் ராணி காலைத் தூக்கிக் கொடுக்க மாட்டாள்.